மேம்படுத்திய பிறகு சர்வர் விசிறிகள் ஓயாமல் அலறுகின்றன, வெப்பநிலையோ சரியாகத்தான் இருக்கிறது

கருப்புப்பெட்டி எழுதியது:

வணக்கம். இரண்டு யூ (ரேக்கின் உயர அலகு) உயரமுள்ள ரேக் சர்வர். இதுவரை ஒரே பிராசசருடன் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமின்றி என்றால், சர்வர்களின் அளவுகோலில் சொல்கிறேன். சென்ற வாரம் மூன்று வேலைகளை ஒரே மூச்சில் முடித்தேன்: இரண்டாவது பிராசசரைப் பொருத்தினேன், காலியாக இருந்த மெமரி ஸ்லாட்டுகளை நிரப்பினேன், இரண்டு போர்ட் உள்ள 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினேன். பிராசசருடன் அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கும் கூடுதலாக இரண்டு விசிறிகளும் வந்தன. அவையும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்கின்றன.

அன்று ஏறிய சத்தம் இன்னும் இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்தாலும் தொலைபேசியில் பேச முடியவில்லை. இத்தனைக்கும் உள்ளே வரும் காற்று 24 டிகிரி, பிராசசர்கள் 41, 43. இயந்திரம் சும்மாதான் இருக்கிறது. விசிறிகள் மட்டும் நிமிடத்துக்கு 14,000 சுற்றுக்கு மேல் சுழல்கின்றன.

லினக்ஸில் வெப்பநிலை, விசிறி வேகம் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிரலை நிறுவிப் பார்த்தேன். விசிறிகளே அதன் பட்டியலில் இல்லை. இவற்றைக் கழற்றிவிட்டுச் சத்தம் குறைந்த விசிறிகளை வாங்கிப் போடலாமா? தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், ஆகவே பொதுவாகவே வழி சொல்லுங்கள்.

நள்ளிரவு நிர்வாகி எழுதியது:

விசிறி வாங்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். அவை கெட்டுப்போகவில்லை. சொன்ன வேகத்தில்தான் சுழல்கின்றன. யார் சொன்னது, ஏன் சொன்னது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்வரில் விசிறிகளை ஆள்வது இயங்குதளம் அல்ல. மதர்போர்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. மின்கம்பி செருகியிருந்தாலே போதும், சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். சென்சார்களைப் படிப்பதும் விசிறியின் வேகத்தை முடிவு செய்வதும் அதன் வேலை. அதனால்தான் எல்எம்-சென்சார்ஸால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. பிஎம்சியோடு பேச ஐபிஎம்ஐ என்ற பொதுமொழி தெரிந்த ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி வேண்டும், அல்லது பிஎம்சியின் வலைப்பக்கத்தில் நுழைய வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, அல்லது அலை போல ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கினால் ஏதோ ஒரு விசிறியின் வேகம் பிஎம்சி எதிர்பார்க்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே விழுந்து எழுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சீராக இருந்தால் பிஎம்சி யோசித்து எடுத்த முடிவு அது.

பிறகு இரண்டு பட்டியல்களை எடுங்கள். ஒன்று சென்சார் பட்டியல், மற்றது நிகழ்வுப் பதிவேடு. சென்சார் பட்டியலில் எண்கள் உள்ள வரிகளைவிட எண் இல்லாத வரிகளை உற்றுப் பாருங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

பதிவேட்டைப் படிக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு பவர் சப்ளைகளுக்கும் மின்சாரம் வருகிறதா? ஒன்றில் கம்பி தளர்ந்திருந்தால் மாற்று ஏற்பாடு போய்விட்டது என்று சில சர்வர்கள் விசிறியை ஏற்றிவிடும். மேல்மூடி முழுமையாக மூடியிருக்கிறதா? மூடியை மூடினால் அமுங்கும் சிறு சுவிட்ச் ஒன்று பல மாடல்களில் இருக்கிறது. மூடி அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் திறந்திருப்பதாகவே கணக்கு.

காற்றுத் தடுப்பு உறை அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? காலி டிஸ்க் இடங்களிலும் காலி கார்டு இடங்களிலும் மூடிகள் உண்டா? அந்த பிளாஸ்டிக் துண்டுகளை வெறும் அலங்காரம் என்று குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று எளிதான வழியில்தான் போகும். ஓட்டை இருந்தால் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்குள் புகாமல் ஓட்டை வழியே போய்விடும்.

இன்னொன்று. சாதாரண விசிறி, உயர்திறன் விசிறி என இரண்டு ரகம் விற்கும் மாடல்களில் இரண்டையும் கலந்து போடக் கூடாது. புதிதாக வந்த இரண்டின் பாகஎண்ணையும் பழையவற்றின் பாகஎண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

கருப்புப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி.

சத்தம் சீராக இருக்கிறது, அலை இல்லை. பவர் சப்ளை இரண்டும் பச்சை விளக்கோடு ஓடுகின்றன. மூடி, உறை, காலியிட மூடிகள் எல்லாம் சரி. விசிறிகள் ஆறுக்கும் ஒரே பாகஎண்.

நிகழ்வுப் பதிவேட்டில் மூடி திறந்தது, மூடியது, மின்சாரம் போனது, வந்தது தவிர எதுவும் இல்லை. சென்சார் பட்டியலில் முக்கியமானவை:

உள்வரும் காற்று: 24 டிகிரி, சரி
பிராசசர் 1: 41 டிகிரி, சரி
பிராசசர் 2: 43 டிகிரி, சரி
வெளியேறும் காற்று: 27 டிகிரி, சரி
விசிறி 1: 14,400 சுற்று, சரி
விசிறி 2 முதல் 6 வரை: ஏறக்குறைய அதே வேகம், சரி
விரிவாக்க ஸ்லாட் 2 வெப்பநிலை: அளவீடு இல்லை

கடைசி வரியில் உள்ள ஸ்லாட் 2இல்தான் புதிய நெட்வொர்க் கார்டு இருக்கிறது. முன்பு அந்த ஸ்லாட் காலியாக இருந்ததால் இந்த வரியை நான் கவனித்ததில்லை.

செப்புக்கம்பி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? விசிறிக்குப் போகும் 12 வோல்ட் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் வேகம் குறைந்துவிடும். மேசைக் கணினியில் நான் பல காலம் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

நள்ளிரவு நிர்வாகி எழுதியது:

மேசைக் கணினியில் ஓட்டலாம். சர்வரில் வேண்டாம்.

இந்த விசிறிகளுக்கு நான்கு கம்பிகள்: தரை, 12 வோல்ட், சுழற்சிக் கணக்கு, வேகக் கட்டளை. பிஎம்சி நாலாவது கம்பியில் கட்டளை அனுப்பி, மூன்றாவது கம்பியில் பதிலைக் கேட்கிறது. சர்வர் விசிறிகளில் பலவற்றில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு இறக்கைகள் உண்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குக் கம்பி. ரெசிஸ்டர் போட்டு மின்னழுத்தத்தைக் குறைத்தால், முழு வேகம் கேட்டேன், பாதிதான் வருகிறது, விசிறி பழுது என்று பிஎம்சி எழுதி வைக்கும். மற்ற ஐந்தையும் இன்னும் விரட்டும். ஒரு விசிறி முழு வேகத்தில் சில ஆம்பியர் இழுக்கும் என்பதால் ரெசிஸ்டர் சூடாவது தனிக்கதை. வேகக் கட்டளைக் கம்பியை வெட்டிவிடலாம் என்று அடுத்து யாரும் கிளம்ப வேண்டாம். கட்டளை வராத நான்கு கம்பி விசிறி முழு வேகத்துக்குப் போய்விடும். அதன் வடிவமைப்பே அப்படி.

சுழியம் ஒன்று எழுதியது:

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடைய நிலைமை நேர் எதிர். அசல் விசிறிகளைக் கழற்றிவிட்டு, 3,000 சுற்றுக்கு மேல் போகாத விசிறிகளைப் போட்டேன். இப்போது சில நொடிகள் அமைதி, பிறகு ஒரு சீறல், மீண்டும் அமைதி, மீண்டும் சீறல். இரவு முழுவதும் இதே பாட்டு. இதுதான் நீங்கள் சொன்ன ஏறி இறங்கும் ரகமா?

பழைய இரும்பு எழுதியது:

தனி இழை தொடங்கியிருக்கலாம். கருப்புப்பெட்டி இன்னும் தீராத தலைவலியோடு இருக்கிறார்.

நள்ளிரவு நிர்வாகி எழுதியது:

பரவாயில்லை, விசிறியை மாற்றலாமா என்பதுதானே அவருடைய கேள்வியும்.

ஆம், அதே ரகம்தான். ஒவ்வொரு விசிறிக்கும் பிஎம்சி மூன்று கீழெல்லைகளை வைத்திருக்கும்: எச்சரிக்கை, ஆபத்து, மீட்க முடியாத நிலை. அசல் விசிறியின் மெதுவான வேகத்தைக் கருதி ஆபத்து எல்லையை 600 சுற்றில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். உங்கள் புதிய விசிறி அதே கட்டளைக்கு 500இல் சுழல்கிறது. உடனே பிஎம்சி, விசிறி நின்றுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு ஏற்றும். வேகம் 600ஐத் தாண்டும். ஆபத்து நீங்கியது என்று கட்டளையைக் குறைக்கும். மீண்டும் 500. வட்டம் முடியாது.

தீர்வு, எல்லைகளை இறக்குவது. சூப்பர்மைக்ரோ போன்ற நிறுவனங்களின் மதர்போர்டுகளில் ஐபிஎம்ஐடூல் மூலமே செய்யலாம். மூன்று எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாகக் கொடுங்கள்: 100, 200, 300 என்பது போல. நீங்கள் கொடுத்த எண் அப்படியே பதியாமல் பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தால் திகைக்க வேண்டாம். ஐபிஎம்ஐயில் ஓர் அளவீடு எட்டு பிட் மட்டுமே. சுற்றுகள் படிப்படியாகத்தான் எழுதப்படும். பிஎம்சியை மீட்டமைத்தால் இந்த மாற்றம் அழிந்துபோகலாம், குறித்து வையுங்கள்.

ஆனால் அமைதி வந்துவிட்டது என்று திருப்தி அடைவதற்கு முன் சுமை கொடுத்துப் பாருங்கள். சர்வர் விசிறி அவ்வளவு வேகமாகச் சுழல்வது வேடிக்கைக்காக அல்ல. நெருக்கமான ஹீட்சிங்க் தகடுகள், டிஸ்க் வரிசை, மெமரி வரிசை என எல்லாவற்றையும் ஊடுருவிக் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறைகிறது, அழுத்தமோ வேகத்தின் இருமடியில் விழுகிறது. பாதி வேகத்தில் அழுத்தம் கால் பங்குதான். விசிறி வந்த பெட்டியில் அச்சிட்ட காற்றளவு எதிரே தடையே இல்லாத நிலையில் அளந்தது. உங்கள் சர்வருக்குள் அந்த நிலை கிடையாது.

கருப்புப்பெட்டி எழுதியது:

புதிய செய்தி. மின்சாரத்தைத் துண்டித்து நெட்வொர்க் கார்டை மட்டும் எடுத்துவிட்டு இயக்கினேன். தொடக்கத்தில் வழக்கம்போல் முழு அலறல், பிஎம்சி பொறுப்பேற்றதும் சரசரவென்று இறங்கி 5,000 சுற்றில் நின்றது. இரண்டாவது பிராசசரும் மெமரியும் அப்படியேதான் இருக்கின்றன.

கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டேன், மீண்டும் 14,000. அளவீடு இல்லாத வரியும் புதிய ஸ்லாட்டின் எண்ணுக்கு நகர்ந்துவிட்டது. ஆக, குற்றவாளி கார்டு. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்கிறது, முழு வேகத்தில் தரவு போகிறது வருகிறது. நல்ல கார்டுக்கு ஏன் இந்தத் தண்டனை?

காற்றுவழி எழுதியது:

கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. பிஎம்சிக்கு அதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் தானே விற்கும் கார்டுகளுக்கு எவ்வளவு காற்று தேவை என்ற அட்டவணை பிஎம்சியின் ஃபர்ம்வேரில், அதாவது அதற்குள் பதிந்திருக்கும் நிரலில், இருக்கும். அந்தக் கார்டுகள் தங்கள் வெப்பநிலையையும் பிஎம்சிக்குத் தெரிவிக்கும். வெளியார் கார்டு வந்தால் இரண்டும் இல்லை. அது 5 வாட் கார்டா, 75 வாட் கார்டா, சொந்த விசிறி உள்ளதா, வெறும் தகடு மட்டுமா என்று எதுவும் தெரியாது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பனிமூட்டத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார், பிஎம்சி ஏற்றுகிறது. நோக்கம் ஒன்றுதான். பிராசசர் 41 டிகிரியில் குளிர்ந்து கிடப்பது இந்த முடிவை மாற்றாது, ஏனென்றால் கேள்வியே பிராசசரைப் பற்றியது அல்ல.

என்ன செய்யலாம்? முதலில் பிஎம்சி, பயாஸ் இரண்டின் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். பிந்தைய பதிப்பின் அட்டவணையில் உங்கள் கார்டு சேர்ந்திருக்கக்கூடும். அடுத்து பிஎம்சியின் வெப்ப அமைப்புகளுக்குள் போங்கள். வெளியார் கார்டுக்கான கூடுதல் குளிர்விப்பை நிறுத்தும் தேர்வோ, ஸ்லாட்டுக்கு இவ்வளவு காற்று போதும் என்று நாமே குறிப்பிடும் தேர்வோ சில தயாரிப்புகளில் உண்டு. டெல் பவர்எட்ஜ் வரிசையில் இதற்கென்றே ஐபிஎம்ஐ கட்டளை இருக்கிறது. சூப்பர்மைக்ரோவில் தனித்தனிக் கார்டு என்று பாராமல் நிலையான, முழுவேக, உகந்த, மிகுபயன்பாட்டு என்ற விசிறி முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இன்டெல் பலகை என்றால் கதை இன்னும் வேறு. எந்தப் பெட்டிக்குள் எந்தெந்த உறுப்புகள் இருக்கின்றன என்ற விவரத்தை எஃப்ஆர்யூஎஸ்டிஆர் என்ற கருவியால் பிஎம்சிக்கு எழுத வேண்டும். வன்பொருளை மாற்றிய பிறகு அதை ஓட்டாமல் விட்டால் விசிறிகள் கத்துவது அங்கே சகஜம். இன்டெல் தன் சர்வர் வணிகத்தை 2023இல் மைடாக்கிடம் கொடுத்துவிட்டதால், அந்தக் கருவியை இன்றைக்குத் தேடுகிறவர்கள் மைடாக் பக்கத்தில் தேடுங்கள்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் மட்டும் கைக்கட்டுப்பாடு, அதாவது விசிறியின் வேகத்தை நாமே கட்டளையிடுவது. அதுவும் எல்லாரிடமும் இல்லை. டெல்லின் 14ஆம் தலைமுறையில் ஐடிராக் 9 (டெல்லின் பிஎம்சி) ஃபர்ம்வேர் 3.30.30.30 வரைதான் கைக்கட்டுப்பாட்டுக் கட்டளைகள் எடுபடும், அதற்குப் பிந்தைய பதிப்புகளில் மறுக்கப்படும். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

காற்றுவழி சொன்னதில் தவறில்லை, ஆனால் நிறுத்தும் தேர்வை இவ்வளவு எளிதாகப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. அந்தப் பாதுகாப்பு காரணத்தோடுதான் இருக்கிறது. சர்வர் நெட்வொர்க் கார்டுகளில் சொந்த விசிறி இருப்பதில்லை. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய சிப், அதன் மேல் கறுப்பு அலுமினியத் தகடு, அவ்வளவுதான். பெட்டிக்குள் காற்று வீசும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தவை. அந்தக் காற்றையும் நிறுத்திவிட்டால் கார்டு சூடேறி இணைப்பை விடும். எதனால் விட்டது என்று தெரியாமல் நாம் கேபிளை மாற்றிக்கொண்டிருப்போம்.

பிராசசர் அளவு மீறிச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் மீறினால் இயந்திரத்தையே அணைத்துவிடும். இந்தக் கார்டுக்கு அப்படிக் காவல் இருக்கிறதா என்று யார் பார்த்தது?

காற்றுவழி எழுதியது:

நியாயமான கேள்வி. பதில்: அளந்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பிஎம்சிக்குக் கார்டு தெரியாவிட்டாலும் இயங்குதளத்துக்குத் தெரியும். போர்ட்டில் எஸ்எஃப்பி பிளஸ் ஆப்டிகல் மாட்யூல் (ஒளியிழைக் கேபிளைச் செருகும் சிறு துண்டு) இருந்தால் லினக்ஸின் எத்டூல் கட்டளையே அதன் வெப்பநிலையைக் காட்டும். சாதாரண ரக மாட்யூல்கள் 70 டிகிரி வரை தாங்கும்படி தயாரானவை. செம்புக் கேபிளுக்கான 10 ஜிகாபிட் மாட்யூல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவை ஆப்டிகல் மாட்யூல்களைவிட அதிகமாகவே சுடும். சில கார்டுகளின் டிரைவர் சிப்பின் வெப்பநிலையையும் தருகிறது.

சத்தத்தைப் பூஜ்யமாக்கும் பேராசையும் தேவையில்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். மின்செலவு வேகத்தின் மும்மடியில் நகர்வதால், பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு மின்சாரமே போதும். 14,000ஐ 7,000 ஆக்கினாலே ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே போய் 3,000க்காகப் போராடுகிறவர்கள் சத்தத்துக்காகப் போராடவில்லை, பிடிவாதத்துக்காகப் போராடுகிறார்கள்.

செப்புக்கம்பி எழுதியது:

கைக்கட்டுப்பாட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்து வேகத்தை மாற்றினால் என்ன? ரெசிஸ்டர் யோசனையைக் கைவிட்டுவிட்டேன், திட்ட வேண்டாம்.

நள்ளிரவு நிர்வாகி எழுதியது:

செய்யலாம். பலர் செய்கிறார்கள். ஆனால் ஸ்கிரிப்ட் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பதை யோசியுங்கள். அதே சர்வரில் ஓடினால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் உறைந்த கணத்தில் ஸ்கிரிப்டும் உறையும், விசிறிகள் கடைசியாகச் சொன்ன மெதுவான வேகத்திலேயே நிற்கும், பிஎம்சியோ கைக்கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது என்று ஒதுங்கி நிற்கும். ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தாலும் முறையற்று முடிந்தாலும் தானியங்கி முறைக்குத் திருப்பும் வரி அதில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அந்த வரியும் ஓடாது. நெட்வொர்க் வழியாக வேறு இயந்திரத்திலிருந்து பிஎம்சியோடு பேசும் ஸ்கிரிப்ட் இதைவிட மேல். சர்வர் உறைந்தாலும் பிஎம்சி பதில் சொல்லும்.

அப்போதும் பிஎம்சியில் உள்ள தயாரான தேர்வு கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன்.

சுழியம் ஒன்று எழுதியது:

எல்லைகளை இறக்கினேன், சீறல் நின்றது. சுமை கொடுத்தபோது பிராசசர் 80ஐத் தொட்டதும் அசல் விசிறிகளில் இரண்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். நன்றி.

பழைய இரும்பு எழுதியது:

இரண்டைக் கலந்து போட்டிருக்கிறீர்கள். மேலே நான் எழுதியதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் அசலாக மாற்றுங்கள். வலுவான விசிறி தள்ளும் காற்று, வலுவற்ற விசிறியின் இடைவெளி வழியே பின்னோக்கி வரும்.

சத்தம் காதுக்கு மட்டும் தொல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியில் விசிறிகளின் அதிர்வு டிஸ்க்கின் தலையைத் தடத்திலிருந்து அசைக்கும். டிஸ்க் மீண்டும் மீண்டும் முயன்று படிப்பதால் வேகம் குறையும். 2016 செப்டம்பரில் புகாரெஸ்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகையின்போது வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் சேதமாகி, சேவைகள் பல மணி நேரம் நின்றன. உங்கள் விசிறி அந்த அளவுக்கு அலறாதுதான். ஆனால் டிஸ்க் திடீரென்று மந்தமானதற்கு விசிறியும் காரணமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கருப்புப்பெட்டி எழுதியது:

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிஎம்சி ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். அட்டவணையில் என் கார்டு சேரவில்லை, ஆனால் வெப்ப அமைப்புகளில் ஸ்லாட்டுக்கான காற்றை நாமே குறிப்பிடும் தேர்வு புதிதாக முளைத்திருக்கிறது. முழுமையாக நிறுத்தவில்லை. கார்டின் தரவுத்தாளில் கேட்டிருக்கும் காற்றளவைப் பார்த்து, அதற்குச் சற்று மேலே குறிப்பிட்டேன். விசிறிகள் இப்போது 6,200 சுற்றில் நிற்கின்றன.

இரண்டு போர்ட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு முழு வேகத்தில் தரவை ஓட்டினேன். ஆப்டிகல் மாட்யூல்கள் 51, 53 டிகிரி. இணைப்பு ஒருமுறைகூட விடவில்லை. டிஸ்க்குகள் எல்லாம் எஸ்எஸ்டி என்பதால் அதிர்வுக் கவலை எனக்கு இல்லை.

ஒரே சந்தேகம். அறை சூடானால் இந்த அமைப்பு போதுமா?

காற்றுவழி எழுதியது:

நீங்கள் குறிப்பிட்டது கீழ்வரம்பு மட்டுமே. உள்வரும் காற்று சூடானால் பிஎம்சி அதற்கு மேல் தானே ஏற்றிக்கொள்ளும். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்விப்புப் பொறியாளர் சங்கம் உள்வரும் காற்றுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 18 முதல் 27 டிகிரி, நீங்கள் 24இல் இருக்கிறீர்கள். 27ஐத் தாண்டும் நாளில் மாட்யூலின் வெப்பநிலையை மறுபடி பாருங்கள். 65ஐ எட்டினால் எச்சரிக்கை அஞ்சல் வரும்படி கண்காணிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

பிஎம்சியின் அமைப்புகளை ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வையுங்கள். அடுத்து யாராவது மதர்போர்டை மாற்றினால் அந்த எண் போய்விடும், மீண்டும் 14,000தான்.